ஸ்டிக்கரோடு வந்த ஜன்னல்

பெய்ரூட் முழுக்கத் தேடினாலும் நஜ்லாவின் மூக்குக்கு ஈடான மூக்கு கிடைக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் சைப்ரஸில் ஒருத்தி மீன் பொரித்தால், துறைமுகத்தை ஒட்டிய கெய்தாவிப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கும் நஜ்லா உப்புப் போதவில்லை என்பாள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். துறைமுக நாற்றத்தைக் கூட்டிச் சொல்ல மட்டும் எனக்கே திறமை போதாது.

துறைமுகம் வெடித்த அன்று அவளும் ஊர் செய்த தப்பையே செய்தாள். என்ன புகை என்று பார்க்க ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி முகத்துக்கு வந்தது. கன்னத்தில் தையல் போட்டுக்கொண்டு திரும்பியவள், இனி இந்த வீட்டில் கண்ணாடியே கூடாது என்றுவிட்டாள். ஜன்னல் சட்டங்களில் நைலான் தாளை அடித்து இரண்டு வருடம் ஓட்டினார்கள். கீழே துறைமுகத்தில், வெடிப்பில் உடைந்த தானியக் குதிர்களில் கோதுமை மழையில் ஊறி, புளித்து, புழுத்து, கடைசியில் தானாகவே புகைந்தது. ஈக்கள் மாடியேறி வந்தன. நஜ்லா ரொட்டியையே தொடுவதில்லை.

"இது வேற கோதுமைடி, கப்பல்ல வந்தது" என்பார் கணவர் ஜிர்ஜிஸ்.

"வெடிச்ச சரக்கும் கப்பல்ல வந்ததுதான்."

அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. கண்ணாடி போட்டு மூடாவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்றார் டாக்டர். உள்ளூர்ப் பணம் செல்லாக்காசாகியிருந்ததால் கண்ணாடிக்காரரோ டாலர் கேட்டார். ஜிர்ஜிஸின் ஓய்வூதியத்தில் வெங்காயம் வாங்கலாம்.

அப்போதுதான் தொகுதி எம்.பி.யின் ஆள் கண்ணாடி வண்டியோடும் போட்டோகிராபரோடும் வந்தான். ஒவ்வொரு கண்ணாடியிலும் எம்.பி.யின் சிரித்த முகம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது.

"இனாம்தான் அக்கா. தேர்தல் முடியிற வரைக்கும் ஐயா முகத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

"அந்தச் சனியன் சரக்கு வருஷக்கணக்கா துறைமுகத்துல கெடந்தப்ப, உங்க ஐயா முகத்தை எங்க வச்சிருந்தாரு?"

"அரசியல் எதுக்குக்கா? கண்ணாடியப் பேசுவோம்."

நஜ்லா ஸ்டிக்கரைப் பார்த்தாள். அந்த வழவழப்பான பல்வரிசையைப் பார்த்தபடி மூச்சுவிடுவதா, மூச்சே விடாமல் இருப்பதா? நெஞ்சு விசிலடித்தது. மாட்டச் சொல்லிவிட்டு, மாட்டி முடியும்வரை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்து, தெருமுனைக் குப்பைத்தொட்டியைச் சுற்றி ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாளே போன் வந்தது.

"அக்கா, ஐயா முகத்துல ஈ மொய்க்குது."

"வீட்டுக்குள்ள யாருப்பா பாக்கப் போறாங்க? அங்கதான் கூட்டம்."

கண்ணாடியைக் கழற்ற ஆள் வருவதாக மிரட்டினான். யாரோ எடுத்த படத்தில், தொட்டியோடு சேர்ந்து அந்த முகம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியதும், யாரும் வரவில்லை.

இழுப்பு குறைந்தது. நஜ்லா இப்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பயமில்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று இந்தக் கதையை முடித்து, ஜிர்ஜிஸிடம் படித்துக் காட்டினேன்.

"தூங்குறா, சரிதான்" என்றார் அவர். "ஷூவக் கழட்டாமத்தான் தூங்குறா. எந்திரிச்சு ஓடறப்ப கால்ல கண்ணாடி குத்துமாம். அதையும் எழுதுங்க."