எங்கள் வீட்டு அடாப்டர் சண்டை

நானும் என் மனைவியும் கல்லூரியில் ஒரே வகுப்பு. இருவருக்கும் மென்பொருள் வேலை. முடிச்சூரில் வீடு வாங்கிய பிறகு, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் படம் எடுத்துப் போட ஒரு சின்ன இணையதளம் செய்தோம். ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்த பழைய லேப்டாப்தான் அதற்கு சர்வர்.

அதை அதிகம் பயன்படுத்தியவர், கடற்கரைக் குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் அக்கா. ஒருநாள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னா சார், மழை வந்தாத்தான் உன் சைட்டு வேணும். மழை வந்தாத்தான் அது படுத்துக்கினு கீது."

உண்மைதான். மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் தளமும் போகும். கிளவுடுக்கு, அதாவது கரண்ட் போகாத எங்கோ ஓரிடத்தில் இருக்கும் வாடகை சர்வருக்கு, மாற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம்.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. நாங்கள் தளத்தை எழுதப் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருள் சட்டகம், கிளவுடில் அப்படியே ஓடாது. இரண்டையும் பொருத்திவைக்க நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். கிளவுடை வாடகைக்கு விடும் நிறுவனமே கொடுப்பது ஒன்று. உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது இன்னொன்று.

"கம்பெனிக்காரன் கொடுக்கிறதையே போடலாம். ஈஸி," என்றேன்.

"ஈஸிதான். ஆனா நாம எழுதின கோடுல பாதியை அது ஏத்துக்காதுப்பா," என்றாள்.

இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவது என்று, சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு அடாப்டரோடு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். காபி ஆறுவதற்குள் என்னுடையது கிளவுடில் ஏறிவிட்டது. பெரிய படங்களைச் சுருக்கும் பகுதி மட்டும் ஓடவில்லை. அதைத் தூக்கிவிட்டேன். என் போனில் பக்கம் பளிச்சென்று திறந்தது. அவளுக்கோ பிழைக்கு மேல் பிழை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, திட்டி, சரிசெய்துகொண்டே இருந்தாள். மதியம் நான் சாதம் வைத்து ரசம் பண்ணினேன். "உப்பு போட்டியா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் அவளுடையதும் ஓடியது.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தபோது மீன்கார அக்கா தெருமுனையில் இருந்தார். என் மனைவி அவருடைய பழைய போனில் இரண்டையும் திறந்து காட்டினாள். என்னுடையதில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுருக்காத படம் அந்த போனுக்கு மலை. அவளுடையதில் கொஞ்சம் தாமதித்துப் படம் வந்தது.

"இது யார் செஞ்சது?" என்றார் அக்கா.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்றாள் என் மனைவி. கல்யாணத்தன்றுகூட அவள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னுடையதை நானே அழித்தேன்.

அந்த வருடத்தின் முதல் பெருமழை ஒரு வேலைநாளில் வந்தது. நான் வீட்டில், அவள் மறைமலை நகர் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பியிருந்தாள். கரண்ட் போயிற்று. போனில் தளத்தைத் திறந்தேன். திறந்தது. பெருங்களத்தூர் திருப்பத்தில் இடுப்பளவு தண்ணீர் என்று மீன்கார அக்கா படம் போட்டிருந்தார்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள். ஏதோ பெட்ரோல் பங்கில் ஒதுங்கியிருந்தாளாம்.

"பெருங்களத்தூர்ல திரும்பாதே. நேரா தாம்பரம் போய் முடிச்சூர் ரோடுல வா."

"சைட் ஓடுதா?" என்றாள் முதலில்.

"ஓடுது, ஓடுது. நீ பாத்து வா."

அவள் வரும்வரை பால்கனியை விட்டு நான் நகரவில்லை. சொட்டச் சொட்ட வந்து நின்றவளிடம் துண்டை நீட்டினேன். வாங்காமல் என் போனைப் பிடுங்கினாள்.

"அக்கா போட்ட போட்டோ தலைகீழா வந்திருக்கு. கவனிக்கவே இல்லையா நீ?"

மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, சார்ஜ் மிச்சமிருந்த லேப்டாப்பைத் திறந்து அவள் உட்கார்ந்தாள். பின்னால் நின்று அவள் தலையைத் துவட்டினேன்.