பூசை போட்ட டிரெய்லர்

பார்த்திபனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பது வருடம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே போய்விட்டது. ஆரணியில் எந்த டிராக்டருக்கு ஹாரன் அடிக்காவிட்டாலும், எந்த லோடு வண்டிக்கு லைட் எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற எல்லாருக்கும் ஜல்தியாக வேண்டும். மனுஷன் களைத்துப் போவான் என்று ஒருவருக்கும் தோன்றாது.

தனக்கோடி அப்படியில்லை, பழைய சிநேகிதர். பவர்லூம் தறிகளையும் களம்பூர் அரிசி மில் மோட்டார்களையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. இடுப்பில் ஜவ்வு விலகிவிட்டது. இனி பளு தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் டிரெய்லரில் ஒரு எலக்ட்ரிக் வின்ச் வாங்கி மாட்டினார். பட்டனை அழுத்தினால் இரும்புக் கயிறு சுருண்டு, தறியைச் சாய்வுப் பலகை வழியாக மேலே இழுத்துவிடும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பார்த்திபன் ஒயரிங் செய்ய வந்தார். காலையிலிருந்து அது ஐந்தாவது வண்டி. டிராக்டர் பேட்டரியின் பிளஸ் ஒயரை வின்ச் வரை இழுத்தாயிற்று. மைனஸ் ஒயரை டிரெய்லர் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அந்த இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரிந்தால்தான் கரண்ட் முழுசாகப் பாயும். ஆனால் வருஷா வருஷம் பூசைக்கு அடித்த பெயிண்ட் அங்கே தோசை கனத்துக்கு ஏறியிருந்தது. பார்த்திபன் கத்தியை எடுத்தார்.

“பூசை போட்ட வண்டிபா. சந்தனம்கூட இன்னும் காயல. கத்தி வெக்காத,” என்றார் தனக்கோடி.

“சுரண்டலன்னா இழுக்காதுபா.”

“லைட்டு எரியுதுல்ல? அதே மாதிரி போடு.”

லைட் குடிக்கிற கரண்ட் வேறு, வின்ச் குடிக்கிற கரண்ட் வேறு. அதை விளக்கப் பார்த்திபனுக்குத் தெம்பில்லை. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பெயிண்டின் மேலேயே போல்டை முடுக்கினார். வெறும் கயிற்றைச் சுருட்டிப் பார்த்தார், ஓடியது. போதும் என்று கிளம்பிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இங்கேதான். தெரியாதவர் செய்திருந்தால் விட்டுவிடலாம்.

மறுநாள் கொசப்பாளையத்தில், தறி பாதிப் பலகை ஏறியதும் வின்ச் முனகி நின்றது. தறி அப்படியே நின்றுகொண்டிருந்தது. பேசாமல் இறக்கியிருக்கலாம். தனக்கோடிக்குப் பழக்கதோஷம், பின்னால் போய்த் தோள் கொடுத்தார். இடுப்பு அங்கேயே பிடித்துக்கொண்டது. நான்கு பேர் தூக்கிவந்து வீட்டில் போட்டார்கள்.

சாயங்காலம் பார்த்திபன் போனபோது தனக்கோடி பாயில் கிடந்தார். புரளக்கூட முடியவில்லை.

“நான்தான சுரண்டாதன்னேன். நீ இன்னா பண்ணுவ, வுடு.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பார்த்திபன் எழுந்து வெளியே வந்தார். வாசலில் டிராக்டரோடு நின்ற டிரெய்லரின் போல்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, திரும்ப முடுக்கினார். அங்கே கிடந்த மில் மோட்டாரைக் கொக்கியில் மாட்டி, தனக்கோடியின் மனைவி ரங்கம்மாளை பட்டனை அழுத்தச் சொன்னார். இனி இந்த வண்டியை அவள்தான் பார்த்தாக வேண்டும். மோட்டார் தடங்கலில்லாமல் பலகையில் ஏறி டிரெய்லர் விளிம்பில் போய் நின்றது.

ரங்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்த சுரண்ட எவ்ளோ நேரம்ணா ஆச்சி?”

“பத்து நிமிஷம்மா.”

அவள் இன்னொரு பட்டனை அழுத்தி, மறுபடி ஏற்றிப் பழக மோட்டாரைக் கீழே இறக்கினாள்.