வெள்ளத்தில் ஈ ஓட்டிய நாள்

மூன்று நாள் அடைமழை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடும் ஆறு போட்ட இரைச்சலில் பக்கத்திலிருந்து அம்மா கூப்பிட்டால்கூடக் காதில் விழாது... தண்ணீர் பால் டீ நிறத்தில் ஓடியது.

அப்போது நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சேர்ந்து இரண்டு மாதம். பழைய துரை பங்களாவைத்தான் ஹோட்டலாக்கியிருந்தார்கள். எனக்குத் துணி துவைக்கிற வேலை. பெட்ஷீட், டவல், மறுபடியும் பெட்ஷீட்... வெறுத்துப்போயிருந்தேன்.

டிரவுட் மீன் பிடிக்க இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு மேடத்துக்கு அன்று கடைசி நாள். கூட்டிப்போக வேண்டிய கைட் அண்ணனோ, "தண்ணி கூடிருச்சு, ஒன்னும் மாட்டாது" என்று போனில் சொல்லிவிட்டு வரவேயில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்றேன் மேனேஜரிடம். எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம்!

டிரவுட்டுக்குப் புழு மாட்டுவதில்லை. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். ஃபிளை என்பார்கள். எங்களுக்கு அது ஈ.

மேனேஜர் சிரித்தார். "இந்தத் தண்ணியில போயி ஈ ஓட்டப் போறியா? சரி, போ. மீனு மாட்டுச்சுன்னா இனிமே நீயும் கைட்டு. மாட்டலன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, பேசாம துணியத் தொவைக்கணும்."

"சரிங்க சார்."

மேடம் கரையில் நின்று நடு ஆற்றிலேயே வீசிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம்... ஒன்றுமில்லை. 

ஆனால் அந்த ஆற்றில் துணி துவைத்து வளர்ந்தவள் நான். வெள்ளத்தில் மீன் நடுவில் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடுமே! துவைக்கிற கல்லுக்குப் பின்னால், கரையோரம், வேகமில்லாத தண்ணீரில் ஒண்டிக்கொள்ளும். வாளியில் மொள்ளும்போது எத்தனை முறை என் காலில் இடித்திருக்கிறது!

"நோ மிடில் மேடம்... ஹியர்!" கல்லின் பின்பக்கத்தைக் காட்டினேன்; மீன் மிரளாமலிருக்க அவர் கையைப் பிடித்து இழுத்து, தண்ணீரிலிருந்து நாலடி பின்னால் நிறுத்தினேன். பெட்டியிலிருந்ததிலேயே பெரிய கறுப்பு ஈயை எடுத்துக் கொடுத்தேன். கலங்கின தண்ணீரில் சின்னது மீனின் கண்ணுக்குத் தெரியாது.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் வீசினார்.

மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது...

முக்கால் முழம் இருக்கும். விலாவில் ரோஸ் கோடு. நான் போட்ட கூச்சலில், மேலே கொழுந்து எடுத்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேடம் முள்ளை மெதுவாகக் கழற்றினார். மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்!

"ஐயோ மேடம்! அது என் வேலை மேடம்!" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு என்ன புரியும்? சிரித்தார்.

வெறுங்கையோடு திரும்பினோம்.

"மீனு எங்க?" என்றார் மேனேஜர்.

"ஆத்துல இருக்கு சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மேடம் முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டினார். கொஞ்சம் கூட்டித்தான் காட்டினார்! பிறகு என் தோளில் கைபோட்டு, "மை கைட்" என்றார்.

இப்போது லயத்துக்குப் பைப் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கல்லில் யாரும் துவைப்பதில்லை. அதைப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது. ஆனால் ஆறு கலங்கிவிட்டால் போதும், எல்லா ஹோட்டலிலிருந்தும் எனக்குத்தான் போன் வருகிறது.

பஸ்ஸில் யாராவது, "ஒங்க மக என்னா வேல செய்யுது?" என்று கேட்டால், அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்:

"எம் மகளா? ஈ ஓட்டுறா!"