லூர்துசாமியின் கடலும் என் பெயரும்

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளோடு நின்றிருந்த என்னிடம் பெயின்ட் கடை சம்பந்தம் ஓடி வந்தார். "சார், நம்ம லூர்துசாமி அண்ணன் பூட்டாரு. மாரடைப்பாம்." மறுநாள் தாம்பரத்தில் அடக்கத்துக்குப் போனேன். அப்படி ஒரு கூட்டம். எனக்கு இதில் பாதியாவது வருமா என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

நம் தேவாலயத்துக்கு வருகிற உங்களில் பலருக்கு அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தவர். நான் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். ஓவியம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கோயில் மண்டபச் சுவரில் புயலில் சிக்கிய படகை வரையச் சொன்னார் பங்குச்சாமியார். படகும் இயேசுவும் சீடர்களும் என் வேலை. "பின்னால் கடலை மட்டும் லூர்துசாமி அடிக்கட்டும்" என்று நானே சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மனிதர் பிரஷைத் தொடவே இல்லை. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்து, நீலம் கலந்த சுண்ணாம்பில் நனைத்துப் பிழிந்து, கசக்கிச் சுருட்டிச் சுவரில் உருட்டினார். இரண்டே நாளில் அலை எழுந்து நுரை தள்ளியது. "துணிய நாம ஓட்டக் கூடாது சார், அது போற போக்குல போவணும்" என்பார். நானும் வீட்டில் ரகசியமாக முயன்றேன், கஞ்சி போகாத புதுத் துணியில். "சுவத்துல ரசத்தைக் கொட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

பூசைக்கு வந்த பெண்கள் கடலைத் தொட்டுவிட்டு, விரல் நனைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் இயேசுவையும் சீடர்களையும் சீக்கிரம் அந்தக் கடல்மேல் ஏற்றிவிட வேண்டும் என்று ஆயில் பெயின்டைத் திறந்தேன்.

"சுவரு உள்ள இன்னும் ஈரமா கீது சார். கொஞ்ச நாள் பொறுங்க."

"ஆயில் பெயின்ட் பத்தி எனக்கே பாடமா?"

அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். வரைந்து முடித்ததும், அவருடைய வெள்ளைச் சுண்ணாம்பு வாளியிலேயே பிரஷைத் தோய்த்து, கடலின் வலது மூலையில் என் பெயரை எழுதினேன். என் பெயரை மட்டும். துணி அலசிக்கொண்டிருந்த லூர்துசாமி பார்த்தார், துணியைப் பிழிந்து உதறினார்.

இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. முதலில் பேதுருவின் மூக்கு உதிர்ந்தது, பிறகு படகே பொருக்குப் பொருக்காக உரிந்தது. கடலுக்கு ஒரு கீறல் இல்லை. கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, சாமியார் சொல்லி லூர்துசாமி என் மிச்சங்களைச் சுரண்டி எடுத்து, அங்கேயும் அலையை உருட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சுவர் முழுக்க அவர் கடல். மூலையில் என் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அதன்மேல் படாமல் சுற்றிச் சுற்றித் துணியை ஒற்றியிருந்தார்.

"பேர ஏன்யா விட்டு வெச்சே?" என்று கத்தினேன்.

"ஆசையா எழுதினீங்களே சார்."

அவர் ஏசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடல் பிரமாதம் மாஸ்டர்" என்கிறார்கள். இத்தனை வருஷமும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். லூர்துசாமியுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் புகழ்தான். அடக்கம் முடிந்து, பெயரை அழிக்க ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். என் பெயரின் எதிரில் வெகுநேரம் நின்றேன். துடைக்க மனசு வரவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது போய் அழித்துவிடுங்கள்.