மிங்கலாடோனுக்கு அப்பால், தேக்குச் சருகுக்குள் ஒன்பது குழி

உளுந்து விலை பேசத்தான் நான் யாங்கோன் போவேன். சென்னையில் எனக்குப் பருப்பு வியாபாரம். அங்கே சரக்கு பார்த்து அனுப்புகிறவர் யூசுப் பாய். தாமுவேயில் வீடு. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து கப்பலேறிய குடும்பம். பேச்சுவார்த்தை முடிந்த மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் கோல்ப் ஆடப் போவது வழக்கம். நகரத்தில் பெயர்போன பெரிய மைதானங்கள் உண்டு. பாய் அங்கெல்லாம் போகமாட்டார். மிங்கலாடோனையும் தாண்டி, காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு குட்டி மைதானம்தான் அவருக்கு.

இடையில் நான்கு வருடம் போக முடியவில்லை. இந்த ஜனவரியில் மறுபடி போனேன். அதற்குள் பாய்க்குப் பார்வை போயிருந்தது. கிளாக்கோமா. முதலில் வலக்கண், பிறகு இடக்கண். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிகிறதாம். வியாபாரத்தை விடவில்லை. உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தே ரகம் சொல்கிறார். கோல்பை மட்டும் விட்டுவிட்டார். நான் காட்டு மைதானத்தின் பேச்சையே எடுக்கவில்லை, அவரே எடுத்தார்.

"நீங்க ஆடுங்க தம்பி. நான் கூட வந்து டீக்கடையில உக்காந்திருக்கேன். வருசத்துக்கு ஒருக்கா வர்றவரு, எனக்காக ஏன் சும்மா போவணும்?"

காலை ஐந்தேமுக்காலுக்கு வாடகைக் கார் வந்தது. பாய், அவர் மனைவி ரஹிமா அக்கா, நான். பாய் வெளியே போனால் அக்காவின் தோள் வேண்டும், அதனால் அவரும் வந்தார். வழியில் ஒரு கடையில் மொஹிங்கா சாப்பிட்டோம். (சென்னையில் அத்தோ சாப்பிட்டுவிட்டு பர்மா சாப்பாடு தெரியும் என்பவர்கள் இந்த மீன்குழம்பு நூடுல்ஸையும் ஒரு கை பார்க்கலாம்.) விமான நிலையம் தாண்டி ஒரு சோதனைச்சாவடி. என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். தாமுவேயிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆனது.

மைதானத்தைப் பார்த்ததும் எனக்கு எப்போதும் வரும் சந்தோஷம் அன்றும் வந்தது. ஒன்பது குழிதான். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் கெஜத்துக்குள் அடங்கிவிடும். மிக நீளமான குழியே இருநூற்றெழுபது கெஜம். ஆனால் சமதளம் என்று ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. ஒரு மேட்டிலிருந்து அடித்தால் பந்து அடுத்த மேட்டில் விழ வேண்டும், நடுவில் ஓடை. இரண்டு பக்கமும் தேக்கு, மூங்கில், தூங்குமூஞ்சி மரங்கள். ஜனவரியில் தேக்கு இலை உதிர்க்கும். முறம் அளவுக்குப் பெரிய சருகுகள், அதற்குள் போன பந்து போனதுதான். மரத்தடி நிழலில் பனி இன்னும் கலையாமல் இருந்தது. தூரமாக அடிப்பவனுக்கு இங்கே மதிப்பில்லை, நிதானமாக அடிப்பவனுக்குத்தான். எனக்குத் தெரிந்த மைதானங்களில் இதைவிட அழகானது இல்லை.

டீக்கடை பூட்டியிருந்தது. ஆகவே பாயும் அக்காவும் என்னோடு நடக்க வேண்டியதாயிற்று.

கோல் பையைச் சுமக்கும் கேடியாக வந்தவர் மா ஏ என்ற பெண். நாற்பது வயதிருக்கும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். பாயைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பர்மியத்தில் என்னவோ கேட்டார். பாய் சிரித்து மழுப்பினார்.

முதல் குழியில் என் பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போனது. "மூங்கில்ல பட்டு இந்தப் பக்கமா தெறிச்சிருக்கு. சருகுல விழல" என்றார் பாய். அப்படியே இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றம். அக்காவின் தோளை விட்டுவிட்டு, காலால் சரிவைத் தடவித் தடவித் தானே இரண்டடி நடந்தார்.

மூன்றாவது குழி நூற்றுப்பத்து கெஜம், ஓடைக்கு மேலாக அடிக்க வேண்டும். என் பையிலிருந்து எட்டாம் நம்பர் அயர்ன் கோலை உருவச் சொன்னார். நான்தான் அவரை ஆடச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வாயே திறக்கவில்லை. அவரே கேட்டார். மா ஏ பந்தை வைத்தார். பாய் காலை அகட்டி நின்றார். பார்த்தால் பார்வை போன மனிதர் என்று சொல்ல முடியாது, அவ்வளவு லாகவம்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்க" என்றார் ரஹிமா அக்கா.

"நீ சும்மா இரு. இருவது வருசமா இதே எடத்துல நிக்கிறேன். என் காலுக்குத் தெரியும்."

"இல்லீங்க, மா ஏ சொல்றா..."

அவர் அடித்துவிட்டார். பந்து அருமையாக எழும்பி, நேராகக் காட்டுக்குள் போனது. சருகில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு பந்து கேட்டார். அதுவும் அங்கேயே போனது.

மா ஏ மெதுவாகச் சொன்னார்; அக்கா தமிழில் சொன்னார். போன மழைக்காலத்தில் பெரிய மரம் ஒன்று விழுந்து, பந்தை வைத்து அடிக்கும் பழைய டீ மேடை உடைந்துபோனது. புது மேடையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதன் சாய்மானமே வேறு.

"மேடைய மாத்திட்டாங்களா? எனக்கு யாருமே சொல்லலையே" என்றார் பாய்.

"இப்பத்தானே சொன்னேன். நீங்க கேக்கல."

பாய் அயர்னை என்னிடம் நீட்டினார். "நீங்க ஆடுங்க தம்பி." அதற்குப் பிறகு மூன்று குழிகளுக்கு அவர் அக்காவின் தோளைப் பிடித்தபடியே நடந்தார். நான் ஆடினேன். என்ன ஆடினேன் என்று கேட்காதீர்கள். அவரை அழைத்து வந்திருக்கவே கூடாது என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. நான்காவதிலிருந்து தெரியும் ஏரியைப் படம்கூட எடுக்கவில்லை.

ஆறாவதை முடித்து ஏழாவதுக்கு ஏறும் மேடு மிகவும் செங்குத்து. மண்ணில் மூங்கில் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். பாதி ஏறியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இரண்டு படி கீழே நின்றேன்.

"எனக்கு இந்த வெளயாட்டெல்லாம் தெரியாது" என்றார் அக்கா. "ஆனா நீங்க கோணலா நின்னீங்கன்னு தெரிஞ்சுச்சு. வீட்டுலயும் இப்படித்தான். கதவு பாதி சாத்தியிருக்குன்னு நான் சொல்லுவேன். என் வீடு எனக்குத் தெரியாதான்னு போய் நெத்தியில இடிச்சுக்கிட்டு வருவீங்க. என் கண்ணும் உங்க கண்ணுதானே? ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க?"

பாய் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நம்பாம இல்ல ரஹிமா" என்றார். "ஒண்ணாச்சும் நானாப் பண்ணணும்னு பாக்குறேன்."

"அடிக்கிறது நீங்கதானே? நானா அடிக்கப் போறேன்? நான் காட்டத்தான் போறேன்."

மேலே ஏறியதும் பாய் என் பக்கம் கையை நீட்டினார். நான் ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தேன்.

ஏழாவது தொண்ணூற்றைந்து கெஜம், இறக்கம். கீழே மூன்று பக்கமும் மரம் சூழ்ந்த வட்டமான கிரீன், குழி இருக்கும் புல்தரை. அக்கா லோங்ஜியைச் சொருகிக்கொண்டு பாயின் பின்னால் குந்தினார். அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். கோலின் தலையைப் பிடித்துப் பந்துக்குப் பின்னால் ஒட்டினார். எழுந்து தள்ளி நின்று பார்த்தார். திரும்ப வந்து இடக்காலை ஒரு விரற்கடை நகர்த்தினார்.

"இப்ப சரி. அடிங்க."

அடித்தார்.

"மேல போவுது" என்றார் அக்கா. "மரத்துக்கு மேல போயிருச்சு. இப்ப எறங்குது. எறங்குது... பச்சையில விழுந்துச்சுங்க! உருளுது... நின்னுருச்சு."

மா ஏ கைதட்டி "கௌன்டே, கௌன்டே!" என்று குதித்தார். நல்லா இருக்கு என்று அர்த்தம்.

"குழிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் பாய்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கெஜக்கணக்கு அவருக்குத் தெரியாது. "நம்ம கூடத்துலேர்ந்து அடுப்படி வரைக்கும்" என்றார்.

பாய்க்கு அது போதுமாக இருந்தது. கிரீனில் இறங்கியதும் அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பார்த்தார். அக்கா குழியருகில் நின்று கொடிக்கம்பால் அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாயின் முதல் தட்டலில் பந்து குழியைத் தொட்டும் தொடாமலும் ஒரு சாண் தாண்டி நின்றது. இரண்டாவதில் பந்து உள்ளே விழுந்து சத்தமிட்டது. மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி, மூன்று அடியில் முடிந்தது. அதே குழியில் எனக்கு ஐந்து.

பாய் மண்டியிட்டுக் குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தார். உடனே எழவில்லை. அக்கா அவர் தலையில் ஒட்டியிருந்த சருகுத் துணுக்கைத் தட்டிவிட்டார். நானும் மா ஏயும் எட்டாவது குழி எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டாவதில் பாய்க்கு ஆறு அடி, ஒன்பதாவதில் எட்டு. ஒரு பந்து ஓடைக்குள் போனது. "கண்ணு இருந்தப்பவே இங்க ஏழுதான் போடுவேன்" என்று பாய் சொல்லிக்கொண்டே வந்தார். வழி முழுக்கப் பேச்சு. திரும்பும் காரில் டிரைவரிடம், பர்மியத்தில், ஏழாவது குழியை இரண்டு தடவை சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழையில் அந்த மேடுகளில் கால் நிற்காது. ஒன்பது குழிக்கு நான் கொடுத்தது நாற்பதாயிரம் கியாட், கேடிக்குத் தனியாகப் பதினைந்தாயிரம். காரைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. போகவர அறுபதாயிரம் ஆனது. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். தூரமாக அடிக்கும் டிரைவர் கோலை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஏழு, எட்டு, ஒன்பதாம் நம்பர் அயர்ன், குழிக்குள் தட்ட ஒரு புட்டர் போதும். பந்து மட்டும் ஒரு டஜன் வேண்டும். மைதானத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சின்ன இடம், கூட்டம் தாங்காது என்று கேட்டுக்கொண்டார்கள். உண்மையாகவே போகப் போகிறவர்கள் பின்னூட்டத்தில் கேளுங்கள், வழி சொல்கிறேன். மேடும் காடும் சேர்ந்த குட்டி மைதானங்களைப் பொடி இடம் என்று ஒதுக்குகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களை ஒருநாள் ஏழாவது மேட்டில் நிறுத்திவைக்க ஆசை.

நான் கிளம்புகிற அன்று பாய் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். ரஹிமா அக்கா என்னை வாசலுக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, மெட்ராசுல பொம்பளைங்க போடுற கோல்ப் சூ கெடைக்குமா? எனக்கு அஞ்சாம் நம்பர். அவருகிட்ட இப்ப சொல்ல வேணாம். இனிமே ஞாயித்துக்கிழமதோறும் அவருகூட அந்த மேட்டுல நான்ல ஏறணும்."