பாம்பாட்டியின் ஈரக்கூடை

எழுபதுகளில் குருவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், றப்பர்ப் பால் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைவீட்டில் எனக்கு வேலை. அங்கே ஒரு பாம்பாட்டி வருவார். எப்போது வந்தாலும் மழையோடுதான் வருவார். வெற்றிலைக் கறை படிந்த உதடு, காதில் செப்பு வளையம். பெயரை நான் கேட்டதேயில்லை. மகுடியை எடுக்குமுன், நல்லபாம்பைத் துணிப்பைக்கு மாற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஈரக்கூடையைப் புகைவீட்டின் சூடான சுவரோரம் காயவைப்பார்.

ஒருமுறை பாம்பை ஆட்டவேயில்லை. அதன் கழுத்தெல்லாம் செதில் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"கூடை ஈரம். பூஞ்சணம் புடிச்சிருச்சுங்க."

"பாவம், காட்டுல விட்டுருங்களேன்."

"திருப்பி விடுறேன்னு சாமி மேல சத்தியம் பண்ணித்தான் புடிச்சேன். இப்ப விட்டா அங்க உள்ளதுக்கும் ஒட்டிக்குமே. சத்தியம் தப்புனா சாமி என்னையத்தானே கேக்கும், கேக்கட்டும்."

ஆட்டம் இல்லாததால் அன்று தோட்டத்தில் யாரும் அவருக்கு அரிசி போடவில்லை.

அடுத்த மழைக்கு மகுடியோடு மட்டும் வந்தார்.

"ஆறிடுச்சா? விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். அதே சுவரோரம் குந்தி, வெறுங்கைகளைச் சூட்டில் வைத்துக்கொண்டார்.

இன்றும் றப்பர் மலையில் பாம்புச் சட்டை கிடந்தால், கழுத்துப் பக்கம் தழும்பு தெரிகிறதா என்று எடுத்துப் பார்க்கிறேன்.