துரை வீட்டு நாயும் ஏகாதசி சாக்லேட்டும்

எங்கள் வீட்டில் ஒரு நாய் வந்து தங்கியது என்றால் எங்கள் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். தங்கியது, அதுவும் வெள்ளைக்கார நாய். அது வந்ததில் எனக்குத் துளிகூடச் சம்மதமில்லை. ஆனால் அது பிழைத்தபோது நான் அடைந்த சந்தோஷம், என் குழந்தைகள் பிறந்தபோதாவது அடைந்தேனா என்பது சந்தேகம்தான்.

என் வீட்டுக்காரர் அப்போது மலைத் தோட்டங்களின் தேயிலை வியாபாரத்தைக் கவனிக்கும் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. ஹெட் கிளார்க் உத்தியோகம் காலியாகியிருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து துரை திரும்பி வந்ததும் அது இவருக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. இந்தச் சமயம் பார்த்துத் துரையும் துரைசானியும் பண்டிகைக்காக வித்துரா வழியாக மலைக்குப் புறப்பட்டார்கள். அங்கே சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். பங்களா பட்லரோ பண்டிகைக்கு நாகர்கோவில் பக்கம் தன் ஊருக்குப் போயாகிவிட்டது. நாயை யாரிடம் விடுவது என்று துரை யோசித்தாராம். இவர் முந்திக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கையோடு அழைத்துக்கொண்டும் வந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? அக்ரஹாரத்துலே நாயா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மெள்ளப் பேசு. துரை வரவரைக்கும்தானே, கேட்டியா. இது நன்னா இருந்தா நம்ம உத்தியோகமும் நன்னா இருக்கும்."

எனக்கு நாயைவிடப் பெரிய பயம் என் நாத்தனார். இவருக்கு மூத்தவர். தாலி கட்டிய சூட்டோடு கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மடி, ஆசாரம் என்றால் தெருவே அவரைத்தான் கேட்கும். அடுக்களையில் என் புடவைத் தலைப்பு அவர் மேல் பட்டுவிட்டால் திரும்பப் போய்க் குளித்துவிட்டு வருவார். வரும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பாதி இளைத்தேன். அப்பேர்ப்பட்டவர் நாயைப் பார்த்து, "தொழுத்துலே கட்டு. கிணத்தடிக்கு இந்தண்டை வரப்படாது" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான்.

துரைசானி எங்கள் குழந்தைகளுக்கென்று ஒரு தகர டப்பா நிறைய சாக்லேட் கொடுத்து அனுப்பியிருந்தாள். கன்னங்கரேலென்று, ஒவ்வொன்றும் வெள்ளிக் காகிதத்தில் சுற்றியது. குழந்தைகள் சப்புக்கொட்டிக்கொண்டு சூழ்ந்து நின்றார்கள்.

"இதுலே முட்டை இல்லேன்னு யாராவது சத்தியம் பண்ணுவாளா?" என்று கேட்டார் அக்கா.

யார் பண்ணுவது? முட்டை என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பண்டம் எங்கள் வீட்டுப் படி ஏறாது. அதற்காகத் தின்கிற வஸ்துவைக் குப்பையில் கொட்டவும் மாட்டோம். நாய்க்குப் போட்டால் பைரவருக்குப் போட்ட மாதிரி, தோஷமில்லை என்பது எங்கள் தெரு வழக்கம். வழக்கமாகத் தெருநாய்தான் வரவேண்டும். இப்போது நாயே வீட்டில் இருந்தது.

"கொல்லை விறகுப்புரையிலே வை. நானே அதுக்குப் போட்டுடறேன்" என்றார் அக்கா.

அன்றைக்குச் சுவர்க்கவாதில் ஏகாதசி, அதாவது வைகுண்ட ஏகாதசி. அக்கா விடியற்காலையிலேயே பத்மநாபனைத் தரிசித்துவிட்டு வந்து, வாயில் பச்சைத் தண்ணீர்கூட விடாமல் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் நானும் இவரும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வந்தபோது டப்பா காலி. அக்கா ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு தொல்லை விட்டது என்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலையில் தொழுவத்தில் கால் வைக்க முடியவில்லை. ஒரே வாந்தி, கறுப்புக் கறுப்பாக. தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு அதையும் கக்கியது. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தது. தொடைச் சதை நடுங்கியது. மூச்சு இரைத்த இரைப்பில் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. என்னைப் பார்த்து முனகியது. ஐயோ பாவம், அதற்குத் தெரிந்த மனுஷி நான்தானா!

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சு. உத்தியோகமும் போச்சு, மானமும் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டவரை, "அழறதை அப்பறம் வச்சுக்கலாம், டாக்டரைக் கூட்டிண்டு வாங்கோ" என்று விரட்டினேன்.

மிருக வைத்தியர் நாகர்கோவில்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கொல்லை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாயின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிக்கி. எலி மருந்து, விசம்னு வல்லதும் தின்னுச்சா?"

"எங்காத்துலே விஷமா? நன்னாயிருக்கே!" என்று நான் சீறினேன்.

அதற்குள் அவர் கண் விறகுப்புரை வாசலில் கிடந்த வெள்ளிக் காகிதங்கள் மேல் விழுந்தது. காலி டப்பாவை எடுத்து மோந்து பார்த்தார். "இதையா குடுத்தீங்க? இதுதாம்மா விசம்" என்றார். கொக்கோவில் இருக்கிற ஒரு சத்தை நம் உடம்பு செரித்துத் தள்ளிவிடுமாம், நாயின் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையாம். அது உள்ளேயே தங்கி நெஞ்சைப் போட்டு அடிக்குமாம், வலிப்பும் வருமாம். சாக்லேட் எவ்வளவுக்குக் கறுப்போ அவ்வளவுக்குக் கெடுதலாம். இத்தனூண்டு நாய் கொஞ்சம் தின்றாலே இந்தப் பாடுதானாம்.

"முழு டப்பாவும் தின்னுருந்தா கஷ்டம் சார். வயித்துக்குள்ள குழாய விட்டுக் கழுவிப் பாக்கலாம். இந்த இரைப்புல அதைத் தாங்குமான்னு சொல்லமுடியாது. எதுக்கும் நீங்க துரைக்குத் தந்தி அடிச்சிருங்க."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினார். அவசரத்தில் பொத்தான் துவாரத்தில் நுழையவில்லை. வைத்தியர் பையிலிருந்து ரப்பர்க் குழாயை எடுத்தார். அதைப் பார்த்து நாய் பின்னால் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"நில்லுடா" என்று ஒரு குரல்.

அக்கா கிணற்றடியைத் தாண்டி வந்து நின்றார். ஈரப் புடவை. விரதம் முடிக்கிற துவாதசிப் பாரணைக்காகக் குளித்து மடியாக இருந்தவர், வேற்று மனுஷர் முன்னால் ஒருநாளும் வராதவர், வந்து நின்றார்.

"குழாய் விடவேண்டாம்னு சொல்லு. அது தின்னது நாலோ அஞ்சோதான்."

"டப்பா காலியா இருக்கே, அக்கா?" என்றார் இவர்.

"பாக்கியெல்லாம் நான் தின்னேன்."

இவர் பொத்தானைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அதுக்கு ஒண்ணு போட்டேன். கண்ணை மூடிண்டு தின்னது. அப்பிடி என்னதான் இருக்குன்னு ஒண்ணு வாயிலே போட்டுண்டேன். பசி வேறே. அப்பறம் நிறுத்த முடியல்லேடா." தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நேத்திக்கு ஏகாதசி" என்றார், எங்களுக்குத் தெரியாத மாதிரி.

இத்தனை வருஷம் என்னை ஆட்டிவைத்ததற்கு நான் அப்போது கொக்கரித்திருக்க வேண்டும். தோன்றவில்லை. வாய்க்கு ருசியாக ஒன்றைத் தானாக எடுத்து அக்கா தின்று நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

வைத்தியர்தான் முதலில் சிரித்தார். "கர்த்தர் காப்பாத்துனாரு! அஞ்சுன்னா பிழைச்சுக்கிடும். தின்னதுல பாதி வெளிய வந்தாச்சு. நிழல்ல கட்டுங்க, தண்ணி குடுங்க, சத்தம் போடாதீங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அக்கா தம்பியிடம் கேட்டார்.

"மனுசருக்கு ஒண்ணும் செய்யாதும்மா" என்று வைத்தியரே பதில் சொன்னார்.

பொழுது சாயும்போது நடுக்கம் நின்றது. விளக்கேற்றுகிற நேரத்துக்கு நாய் கொஞ்சம் மோர் சாதத்தை நக்கிவிட்டு, என் காலடியில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கிற்று. நான் குளிக்கவேண்டுமே என்றுகூடத் தோன்றவில்லை. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

துரைசானி திரும்பி வந்ததும் இவர் நாயைப் பங்களாவில் கொண்டுபோய் விட்டு, நாய் சாக்லேட் தின்றதையும் படுத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் நாயைக் கட்டிக்கொண்டாளாம். உத்தியோகமும் கிடைத்தது. கூடவே, இது மனிதர்களுக்கு மட்டும் என்று சொல்லி இன்னொரு டப்பாவும் கொடுத்தாள்.

டப்பாவோடு இவர் கொல்லை வழியாக வந்தார். குழந்தைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். முட்டைச் சந்தேகத்தை மறந்து நானே காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மிச்சத்தை மூடி விறகுப்புரையில் வைத்தார். தொழுவத்தில் நாய் கட்டியிருந்த கயிறு சும்மா கிடந்தது.

"அக்கா, நாய்க்குப் போட்டுடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆகட்டும்டா, போட்டுடறேன்" என்றார் அக்கா.